கடலைத் தொடாத ஊவா

ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளுள் ஒருத்தி, ஆறாம் வகுப்பில் படிப்பவள், சென்ற மாதம் தன் தேசப்படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தென்னாபிரிக்காவின் நடுவே, வாழையிலையில் விழுந்த ஓட்டைபோல ஒரு சிறிய நாடு. பெயர் லெசோத்தோ. “சுவாமி, இதுக்கு ஒரு பக்கத்திலயும் கடல் இல்லையே. இங்க இருக்கிற சனம் எப்படிப் பிழைக்கும்?” என்று கேட்டாள். நீ கடலைப் பார்த்திருக்கிறாயா என்று நான் திருப்பிக் கேட்டேன். இல்லையாம். அவள் பாட்டியும் பார்த்ததில்லையாம். பாட்டியின் தாய் மட்டும் ஒரே ஒரு முறை, இராக் காலத்தில், கப்பலில் அதைக் கடந்து வந்தாளாம்.

அந்தக் கேள்விக்குரிய பதிலைத்தான் இவ்வாரப் பாடமாக எழுதுகிறேன். பிள்ளைகள் வாசிக்கட்டும், பெற்றோர் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

இலங்கை ஒரு தீவு. ஆதலால் இங்குள்ள எல்லோரும் கடலோரத்தார் என்று வெளியூரார் நினைப்பதுண்டு. ஆனால் நமது ஒன்பது மாகாணங்களுள் நான்குக்குக் கடற்கரை இல்லை. மத்திய மாகாணம், சப்பிரகமுவ, வடமத்தி, நமது ஊவா என்பவையே அவை. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்கள் சேர்ந்ததே ஊவா. 1886 ஆம் ஆண்டில் மத்திய மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு இது தனி மாகாணமாயிற்று. பரப்பளவு ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீற்றர். லெசோத்தோ 30,355 சதுர கிலோமீற்றர். அதாவது நம்மைப்போல் மூன்றரை மடங்கு. ஆனால் சனத்தொகையில் அவ்வளவு வேறுபாடு இல்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஊவாவில் 12,66,463 பேர். 2016 இல் லெசோத்தோவில் எண்ணியபோது இருபது இலட்சத்துச் சொச்சம். அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 66 பேர் என்றால் இங்கே 149 பேர்.

இந்த 149 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. சராசரி என்பது பலமுறை உண்மையை மூடி வைக்கும். மொனராகலை மாவட்டத்திற்கு ஊவாவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு உண்டு. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் உண்டு. அங்கே சதுர கிலோமீற்றருக்கு 80 பேர். பதுளையிலோ 285 பேர். பசறையிலும் நமுனுகுலையிலும் ஒரே லயத்தில் பத்துக் குடும்பங்கள் சுவரோடு சுவராக வாழும் அதே மாகாணத்தில், சியம்பலாண்டுவப் பக்கம் போனால் யானைக்கு இடம் விட்டு வாழ வேண்டியிருக்கிறது.

இனி நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். பதுளை மாவட்டத்தின் மேற்பகுதியை ஒரு பெரிய சட்டி என்று மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கு விளிம்பு ஹோட்டன் சமவெளி ஓரம். தெற்கு விளிம்பு இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை மலைத்தொடர். கிழக்கு விளிம்பு 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகுல மலையும், அதற்கு அப்பால் மடூல்சீமையும். வெலிமடை, பண்டாரவளை, பதுளை எல்லாம் இந்தச் சட்டிக்குள் இருக்கின்றன. சட்டியின் வடக்கு விளிம்பு மட்டும் உடைந்திருக்கிறது. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் அந்த உடைப்பின் வழியே வடக்கே இறங்கி மகாவலியில் கலக்கின்றன. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பதுளு ஓயா இறங்கும் படிக்கட்டுத்தான்.

தெற்கு விளிம்பில் நிலம் அப்படி மெதுவாக இறங்குவதில்லை. கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. ஆகவேதான் நாட்டிலேயே மிக உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியும், கொஸ்லந்தைக்கு அருகில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கீழே வெல்லவாய, புத்தளை, மொனராகலை என்னும் வரண்ட சமவெளி. கிரிந்தி ஓயா, மாணிக்க கங்கை, கும்புக்கன் ஓயா மூன்றும் நம் மலைகளின் தெற்கு, கிழக்குச் சரிவுகளில் பிறந்து தென்கிழக்குக் கடலுக்குப் போகின்றன. கதிர்காமத்தில் யாத்திரீகர் முழுகும் மாணிக்க கங்கை நமுனுகுலப் பக்கத்து நீர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாம் கடலைத் தொடாவிட்டாலும் நம் தண்ணீர் தவறாமல் தொட்டுவிடுகிறது.

காற்றையும் மழையையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நமது சோறு அதில்தான் இருக்கிறது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது கடலில் அள்ளிய ஈரத்தை அட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி நம்மிடம் வருகிறது. இதைக் கண்ணால் காண விரும்புவோர் யூலை மாதத்தில் பதுளைப் புகையிரதத்தில் வரட்டும். பட்டிப்பொலவில் பனியும் மழையுமாக இருக்கும். மலை உச்சியிலுள்ள சுரங்கத்தைக் கடந்து ஒஹியப் பக்கம் வெளியேறினால் பல நாட்களில் வெயிலாக இருக்கும். ஊவாவின் வாசல் அதுதான்.

யூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில் வீசும் இந்த வரண்ட காற்றையே கச்சான் என்கிறோம். உதடு வெடிக்கும், தகரம் பறக்கும், பீலியில் தண்ணீர் நூலாக வடியும். தேயிலைச் செடிக்கும் அதே துன்பம். ஈரம் குறைந்தவுடன் அது இலை விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. வளர்ச்சி மெதுவான அந்தக் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய வாசனை கூடுகிறது. உலகெங்கும் வியாபாரிகள் காத்திருந்து வாங்குவது இந்தப் பருவத் தேயிலையைத்தான். கொழும்பு ஏலத்தில் விலை ஏறும் மாதங்களே மலையில் கொழுந்து குறையும் மாதங்கள். விலை ஏறுகிறது என்று தொழிற்சாலையில் மகிழ்ச்சி. நிறை காணவில்லை என்று மலையில் அரைப் பேர். ஒரே காற்று இரு வீடுகளில் இரு விதமாக நுழைகிறது. பூமிசாத்திரப் புத்தகங்களில் முதற்பாதிதான் அச்சாகியிருக்கும்.

ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து சனவரி வரை நிலைமை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் மழை நேராக நம் கிழக்குச் சரிவுகளில் அடிக்கிறது. கச்சானில் வெடித்துக் காய்ந்திருந்த மண் இப்போது வயிறு முட்டக் குடிக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது இந்த மழையில்தான். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரித்திருந்தார்கள். ஆனால் எச்சரிக்கை கேட்ட குடும்பத்திற்குப் போக வேறு காணி வேண்டுமே! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நாட்டிலேயே பெரும் உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இதை வாசிக்கும் குடும்பங்களில் சிலவற்றில் இன்னும் கண்ணீர் காயவில்லை என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஒரு சரிவில் புதிதாக வெடிப்புக் கண்டாலோ, சுவரில் கீறல் விழுந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலோ, புதிய இடத்தில் நீர் கசிந்தாலோ, அன்றிரவு அங்கே உறங்க வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கோ பாடசாலைக்கோ வாருங்கள். கதவு எந்த நேரமும் திறக்கும்.

இவ்வளவு கடினமான மலையில் இத்தனை பேர் எப்படி வந்து சேர்ந்தோம்? ஊவாவின் குடிசனக் கதை ஓர் அழிவில் தொடங்குகிறது. வெல்லஸ்ஸ என்ற பெயருக்கு இலட்சம் வயல் என்று பொருள் கூறுவர். இன்றைய மொனராகலைப் பகுதி அது. 1817-18 இல் ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது ஊர்கள் எரிக்கப்பட்டன. வயல்களும் குளங்களும் பாழாயின. மக்கள் மாண்டனர் அல்லது ஓடினர். நமது அயலவரான சிங்கள மக்களின் நெஞ்சில் இந்த நினைவு இன்னும் இருக்கிறது. மலைச்சரிவுகள் தோட்டங்களானபோது தங்கள் காணி போயிற்று என்ற மனத்தாங்கலும் அதனோடு சேர்ந்துகொண்டது. நாம் அந்தக் காணியைப் பறிக்க வந்தவர்கள் அல்லர். பறித்தவர்களுக்குக் கூலிக்கு வேலை செய்ய வந்தவர்கள். எனினும் அயலவரின் துக்கத்தை அறியாமல் அவரோடு சமாதானமாய் வாழ்வது கடினம். மகியங்கனைப் பக்கம் தம்பானையில் வாழும் வேடரோ, நம் இரு சாராருக்கும் முன்னரே இந்த மண்ணில் இருந்தவர்கள்.

முதலில் வந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்களுக்குத்தான் நிறையப் பேர் வேண்டும். ஆகவே ஆண்கள் தமிழகத்திலிருந்து கங்காணியோடு கால்நடையாக வந்து, பறித்து முடித்துத் திரும்பினார்கள். வழியில் செத்தவர்களைத் தவிர. 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் தோன்றியது. இலங்கையில் அது முதன்முதலாகக் காணப்பட்ட இடம் நமது மடூல்சீமை. சில வருடங்களுக்குள் கோப்பி மடிந்து தேயிலை வந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் வாராவாரம் கொழுந்து விடும் செடி. அதற்கு வந்து போகும் ஆட்கள் போதாது. தங்கும் குடும்பங்கள் வேண்டும். விரல் நுனி வேலைக்குப் பெண்கள் வேண்டும். லயம் கட்டப்பட்டது. பிள்ளைக் காம்பரா வந்தது. ஒரு செடியின் சுபாவம் மாறியதால் ஒரு சனத்தின் வாழ்க்கை மாறிற்று. நாம் இங்கே நிலைத்த கதை இதுதான்.

கடல் இல்லாத இடத்தில் விளைவதைக் கடலுக்குக் கொண்டுபோக வழி வேண்டும். மாட்டுவண்டியால் முடியாத அந்தக் காரியத்திற்கே புகையிரதப் பாதை போட்டார்கள். அது 1893 இல் ஹப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் எட்டிப் பிடித்தது. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் முப்பது வருடம். 1924 இல்தான் முதல் வண்டி பதுளைக்கு வந்தது. தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றித் தனக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைவதைப் பார்த்தால் தாமதத்தின் காரணம் விளங்கும். இன்று உல்லாசப் பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க வருகிறார்கள். அதைத் தேயிலைப் பெட்டிக்காகக் கட்டினார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

இனி லெசோத்தோவுக்கு வருவோம். பாசோத்தோ மக்கள் அந்த மலைகளில் ஒதுங்கியது சமவெளியில் நடந்த போர்களாலும் காணி பறிப்பாலும்தான். மொஷோஷோ என்னும் அவர்களது அரசர் தாபா போசியு என்ற மலையைக் கோட்டையாக்கி அவர்களைக் காத்தார். நல்ல விளைநிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. அந்நாட்டில் 1,000 மீற்றருக்குத் தாழ்ந்த இடம் என்று ஒன்றுமே இல்லை. மிகத் தாழ்ந்த இடமே ஏறத்தாழ 1,400 மீற்றர், அதாவது நமது ஹப்புத்தளை அளவு. மலையில் எல்லோருக்கும் சோறு இல்லை. ஆகவே ஆண்கள் தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1970களிலும் 1980களிலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே நிலத்தடியில் வேலை செய்தனர். ஊரில் ஏரைப் பிடித்ததும் மாட்டை மேய்த்ததும் பெண்களும் சிறுவர்களும். 1990களில் சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தபோது அவர்கள் வெறுங்கையோடும், பலர் இருமலோடும் நோயோடும் திரும்பினர்.

நம்மவர் வந்த சனம். அவர்கள் போன சனம் என்று சென்ற தலைமுறையில் வேறுபடுத்திச் சொல்லியிருக்கலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. நம் வாலிபர் கொழும்புக் கடைகளுக்கும், நம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் போகிறார்கள். ஞானஸ்நானத்திற்குக் குழந்தையை ஏந்தி வருவது பாட்டி; தாயின் கையொப்பம் வேண்டிய இடத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கம். போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் உயர்தரம் வரை படிக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை எடுப்பவர் எழுதும் ‘குடும்பம்’ வேறு, இரவில் பாயில் படுக்கும் குடும்பம் வேறு என்பதை இந்தப் பாடத்தில் சேர்க்காமல் விட முடியவில்லை.

தண்ணீரிலும் இரு நாட்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. லெசோத்தோவுக்குத் தங்கம் இல்லை. மலை மழை உண்டு. 1986 இல் தென்னாபிரிக்காவோடு உடன்படிக்கை செய்து, கட்சே என்னுமிடத்தில் பெரிய அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்க வழியாக ஜொஹனஸ்பேர்க் பக்கத்துக்கு நீரை விற்கிறார்கள். நமது உமா ஓயாத் திட்டமும் மலையைக் குடைந்து வடக்கே போகும் நீரைத் தெற்கே வெல்லவாயப் பக்கம் திருப்பி, 120 மெகாவாற் மின்சாரமும் எடுக்கிறது. 2024 ஏப்ரலில் அது திறந்து வைக்கப்பட்டது. இடையில் நடந்ததை பண்டாரவளைப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். 2014 இறுதியிலிருந்து சுரங்கத்துள் நீர் பீறிட, மேலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, குடிதண்ணீர் பவுசரில் வந்தது. கீழ்நாட்டு வயலுக்குத் தண்ணீர் போவது நல்லதே. மலையின் வயிற்றில் கத்தி வைக்கும்போது மலைமேல் இருப்பவனையும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திருச்சபையின் வழியாகவும் அவர்கள் நமக்கு உறவினர். மார்செய் நகர ஆயர் புனித எவ்ஜீன் டி மசனோட் நிறுவிய அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1847 இல் இலங்கைக்கு வந்தனர்; அதே சபையினர் 1862 இல் மொஷோஷோ அரசரின் நாட்டில் கால்வைத்தனர். அவர்களுள் ஒருவரான யோசேப்பு ஜெரார்ட் அடிகள் முதலில் நத்தாலில் ஆண்டுக்கணக்காக உழைத்து ஏறக்குறைய ஒரு பலனும் காணாதவர். பின் பாசோத்தோ மலைகளில் குதிரைமேல் அலைந்து, நோயாளரைத் தேடிச் சென்று, 1914 இல் அங்கேயே மரித்தார். 1988 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மசேரு நகருக்கே சென்று அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். இன்று அந்நாட்டவரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர் கத்தோலிக்கர். நாமோ ஊவாவில் கையளவு. 1972 இல் கண்டியிலிருந்து பிரித்து பதுளை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய ஆசனத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்று வந்தார். எண்ணிக்கையைப் பார்த்து வந்தவர் அல்லர்.

எண்ணிக்கை என்றதும் கடைசியாக ஒரு விடயம். 1971 குடிசன மதிப்பீட்டில் இலங்கை முழுவதும் ‘இந்தியத் தமிழர்’ 11,74,606 பேர். 1981 இல் 8,18,656. பத்து வருடத்தில் மூன்றரை இலட்சம் குறைவு! கொள்ளைநோய் வந்ததா? இல்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மிகுந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னார்க் கப்பலுக்காகப் பதுளைப் புகையிரத நிலையத்தில் அழுத அழுகை வயதானவர்களின் காதில் இன்னும் இருக்கிறது. எஞ்சியோருக்கு முழுமையாகப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குறைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘இந்திய’ என்ற சொல்லால் பட்ட பாடு போதும் என்று பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்தனர். 2012 இல் நாடு முழுவதும் 8,39,504 பேர் இந்தியத் தமிழராகப் பதியப்பட்டனர். பதுளை மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவில். உண்மைத் தொகை அதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். மலையகத் தமிழர் என்று எழுதுவதா, இலங்கைத் தமிழர் என்று எழுதுவதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சாட்சிப்படி முடிவு செய்யட்டும். ஆனால் யோசித்துச் செய்யுங்கள். பாடசாலைக்கு ஆசிரியர், வைத்தியசாலைக்குத் தமிழ் பேசும் தாதி, பிரதேச செயலகத்தில் தமிழில் ஒரு படிவம், இவற்றையெல்லாம் கேட்கும்போது அந்தக் கட்டத்தில் இடும் அடையாளமும் கணக்கில் வரலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருக்கும் வீடுகள் நம் பங்கில் எத்தனையோ. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துத் திருத்த உதவி வேண்டுவோர் சனிக்கிழமை மாலையில் அறைவீட்டுக்கு வரலாம்.

பிள்ளைகளுக்கு இவ்வார வேலை. ஒரு தாளில் ஊவாவை வரைந்து, மேலே சொன்ன ஆறுகளையும் அவை போகும் திசையையும் அடையாளமிடுங்கள். பிறகு வீட்டில் மூத்தவரைக் கேட்டு, நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தது, யார் யார் கப்பலேறிப் போனார்கள் என்பவற்றை மறுபக்கத்தில் எழுதி வாருங்கள். தேசப்படம் கொண்டு வந்த அந்தப் பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வானம் தெளிந்த காலையில் ஹப்புத்தளை மேட்டில் நின்றால் தெற்கே வெகுதூரத்தில் கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். பெப்ரவரியில் மழை விட்டதும் மறைக்கல்விப் பிள்ளைகள் எல்லோரும் முதல் வண்டியில் போகிறோம். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.